முகத்துக்குப் பேச்சி, கண்ணுக்கு ஜெர்சன்

கிட்டங்கித் தெருவில் எதைக் கேட்டாலும் ரெண்டு பேர் ஒரே பதிலைச் சொல்ல மாட்டார்கள். குழாயில் கடைசியாகத் தண்ணி வந்தது என்றைக்கு என்று கேட்டால்கூட நாலு கிழமை சொல்லி நாலு பேர் சண்டைக்கு நிற்பார்கள். ஆனால் உப்பு மூட்டை அடுக்குகிற பழைய கிட்டங்கியின் கிழக்குச் சுவரில் வரைந்திருந்த பொம்பளை முகம் முதன்முதலாகக் கண் விழித்தது எப்போது என்று கேட்டுப் பாருங்கள், திங்கட்கிழமை காலை ஆறேகால், பால்காரர் அந்தப்பக்கம் போனதுக்கும் முதல் பஸ் வந்ததுக்கும் நடுவில் என்று தூத்துக்குடியின் அந்த மூலையே ஒரே வாயாகச் சொல்லும். தலையில் துண்டைக் கட்டி, சேலைக்கு மேலே போட்ட ஆம்பளைச் சட்டையின் காலர் தெரிய, உப்பளத்துக்கு வேலைக்குப் போகிற பொம்பளை ஒருத்தியின் முகம் அது, இருபத்தைந்தடி உயரம், முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டிருந்தது, மறுநாள் காலையில் திறந்துவிட்டது. முதலில் பார்த்தவர் டீக்கடை செல்லச்சாமி. பார்த்துவிட்டு, கையிலிருந்த டீயை ஆற்றி முடித்து எதிரே நின்ற ஆளிடம் நீட்டி, "முழிச்சிட்டா" என்றார். அந்த ஆளும் திரும்பிப் பார்த்து "ஆமா" என்று சொல்லிவிட்டு, டீயில் சீனி பத்தவில்லை என்றார்.

இப்படி ஊரே சங்கடமில்லாமல் ஏற்றுக்கொண்ட காரியத்தில் வயிறு எரிந்துபோனவன் ஒருத்தன் உண்டு. ஜெர்சன் என்று பேர், வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டுகிற கடையில் வேலை, வயது இருபத்திமூன்று, கோபம் மூக்குக்கு மேலே. ஊரில் முதன்முதலாக ஸ்ப்ரே டப்பாவைப் பிடித்துச் சுவரில் படம் போட்டவன் அவன்தான், அதை யாரும் இல்லையென்று சொல்லவில்லை, ஆனாலும் நாளைக்கு மூணு தடவை அதை அவனே சொல்லிக்கொள்வான். அவனோடு சேர்ந்தது ரெண்டு பேர். ஒருத்தி ஜெராக்ஸ் கடைப் பேச்சியம்மாள், உப்பளத்துக்காரி மகள், ஏணி பிடிக்கிறேன் என்று வந்தவள். இன்னொருத்தன் உச்சினிமாகாளி, குட்டியானை வண்டி ஓட்டுகிறவன், பெயிண்டையும் சாரத்தையும் ஏற்றிவந்து போட்டுவிட்டு, வரைவதைப் போனில் படம் பிடித்து ஏற்றுவான். மூணு பேரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஊர் கறிச்சோறு தின்றுவிட்டுக் கவிழ்ந்து கிடக்கிற நேரம் பார்த்து, யார் சுவர் என்றும் கேட்காமல் வேலையை ஆரம்பிப்பார்கள். வீட்டுக்காரன் தூங்கி எழுந்து வந்து வைவதற்குள் பாதிப் படம் முடிந்திருக்கும், முடிந்த பாதியைப் பார்த்து அவனே மீதியையும் கேட்பான்.

ஏணி பிடிக்க வந்தவள் ஒரு வருஷத்தில் ஏணிமேல் ஏறிவிட்டாள், வந்தது அங்கேதான் வினை. டப்பாவை எப்படிக் குலுக்கணும் என்பதைக்கூட ஜெர்சன்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். ஆனால் ஜெர்சன் போட்ட முகமெல்லாம் ஓட்டுக் கேட்கிற போஸ்டர்போல ஒரேமாதிரிச் சிரித்தது. பேச்சி போட்ட முகத்தில் மட்டும் மூக்கோரத்து வேர்வை தெரிந்தது. அதை அவனே முதலில் கண்டுகொண்டான், கண்டுகொண்டு மூணு நாள் சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் தனக்கென்று ஒன்றைப் பிடித்துவைத்துக்கொண்டான். கண். சாமிச் சிலைக்கும் சரி, ஆளுயரக் கட்-அவுட்டுக்கும் சரி, கண்ணை எழுதுகிறது கடைசியில்தான், அதுக்கென்று ஒரு ஆள்தான். அந்த ஆள் நான் என்றான். அன்றுமுதல் முகமெல்லாம் பேச்சி வரைவாள், கண் இருக்கவேண்டிய இடத்தில் ரெண்டு குழியை விட்டுவிட்டுக் கீழே இறங்குவாள். ஜெர்சன் பூசைக்குப் போய்வந்து, குளித்து, வெறும் வயிற்றோடு, சின்னப் பிரஷ்ஷை வாயில் கவ்விக்கொண்டு, எல்லாரையும் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஏறுவான். பிறகு சுவர் மூலையில் கையெழுத்துப் போடுவார்கள்: முகம் பேச்சி, கண் ஜெர்சன். ரெண்டு வருஷம் இது நல்லாத்தான் ஓடியது.

கெடுத்தது ஒரு வீடியோ. யாரோ ஒரு யூடியூப்காரன் மதுரையிலிருந்து வந்து மூணு பேரையும் பேட்டி எடுத்துப்போனான். ஜெர்சன் நாற்பது நிமிஷம் பேசினான், பேச்சி நாலே வார்த்தை பேசினாள். வந்தது என்னவென்றால் பேச்சியின் நாலு வார்த்தையும், பேச்சி சிரித்ததும், தலைப்பாக 'பேச்சியும் நண்பர்களும்' என்பதும். ஜெர்சன் நண்பர்கள் ஆகிவிட்டான், அதுவும் பன்மையில், உச்சினிமாகாளியோடு சேர்த்து. ஸ்டிக்கர் கடைக்கு வந்தவனெல்லாம் "எலே, நீதான அந்த நண்பர்கள்?" என்று கேட்டுவிட்டுப் போனான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிட்டங்கிச் சுவருக்குக் கண் எழுத வேண்டிய நாள். ஜெர்சன் காய்ச்சல் என்று சொல்லியனுப்பிவிட்டு, பொரித்த நெத்திலியைக் கொறித்துக்கொண்டு வீட்டில் படுத்துக்கொண்டான். கண்ணில்லாமல் நிற்கட்டும் அந்த முகம், குருட்டு முகத்தைப் பார்த்து ஊர் சிரிக்கட்டும், அப்புறம் வந்து காலில் விழட்டும் என்று நினைத்தான். இப்படித்தான் நினைத்தான், மறைக்க என்ன இருக்கிறது.

பேச்சி நாலு மணிவரை காத்திருந்தாள். பிறகு ரெண்டு குழியிலும் இமையை வரைந்து மூடிவிட்டாள். மூலையில் 'முகம் பேச்சி' என்று எழுதி, அதுக்குக் கீழே 'கண்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு பேர் எழுதுகிற அளவு இடத்தை வெறுமனே விட்டுவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் காலை ஆறேகாலுக்குத்தான் செல்லச்சாமி டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் வெளிச்சம் மங்குகிறபோது சுவரில் இருந்தவள் கண்ணை மூடிக்கொண்டாள், செவ்வாய்க்கிழமை காலையில் மறுபடி திறந்தாள், உச்சி வெயிலில் கண்ணைச் சுருக்கினாள், இப்படியே நாள் தவறாமல் நடந்தது. ஊருக்கு எதையும் பழகிக்கொள்ள ஒரு வாரம் போதும். விடியுமுன்னே அளத்துக்குப் போகிற பொம்பளைகள் அவள் தூங்குகிறாளென்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த இடத்தைக் கடந்தார்கள். மத்தியானம் திரும்பிவருகையில் அண்ணாந்து பார்த்து, "நமக்காவது வீட்டு நிழல் உண்டு, பாவம் இவளுக்கு அதுவும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். அதைக் கேட்ட மூட்டைக்காரர்கள் ஒரு தார்ப்பாயை அவள் நெற்றிக்கு மேலே இழுத்துக் கட்டிவிட்டார்கள். மூணு மதத்துச் சாமியையும் டைல்ஸில் பதித்துவைத்தும் அந்தச் சுவரோரம் ஒதுங்குகிறதை விடாத ஆம்பளைகள், அவள் பார்க்கிறாளே என்று கூச்சப்பட்டு ரெண்டு தெரு தள்ளிப் போக ஆரம்பித்தார்கள். அந்தச் சுவரை மூணு வருஷத்துக்கு முன்பதிவு செய்து வைத்திருந்த கட்சிக்காரர்கள் சுண்ணாம்பு வாளியோடு வந்தார்கள், அண்ணாந்தார்கள், வட்டச் செயலாளரை அவள் ஏற இறங்கப் பார்த்ததில் அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு, 'முகம் நீங்கலாகச் சுவர் முழுவதும் கழகத்துக்கு' என்று ஓரமாக எழுதச் சொல்லிவிட்டுப் போனார். படங்களைக் கணக்கெடுக்க வந்த ஒரு அதிகாரி, 'தன்மை' என்ற கட்டத்தில் கொஞ்சம் யோசித்து, 'பகலில் விழித்திருக்கும்' என்று எழுதிக்கொண்டார். போட்டோவில் மட்டும் அவள் எப்போதும் கண் மூடியே விழுந்தாள், அதனால் வெளியூர்க்காரன் ஒருத்தனும் நம்பவில்லை, நம்பாமல் போனதே நல்லது என்று தெருக்காரர்கள் நினைத்தார்கள்.

ஜெர்சன் முதல்நாளே வந்து பார்த்தான். கண் என்றால் என்னவென்று தெரிந்தவன் அவன், அதுதான் அவன் போதாத காலம். வெள்ளையில் ஓடுகிற சின்ன ரத்த நரம்பு, உப்பும் வெயிலும் சேர்ந்து அளத்துக்காரிகள் கண்ணோரத்தில் உண்டாக்குகிற அந்தப் பழுப்புச் சிவப்பு, ஒரு கண்ணைவிட மற்றது ஒரு மயிரிழை இறங்கியிருப்பது. தான் எழுதியிருந்தால் சினிமா போஸ்டர்க் கண்ணைத்தான் எழுதியிருப்போம், ரெண்டு பக்கமும் ஒரே அளவாக, மினுமினுவென்று, என்பது அவனுக்குத் தெரிந்துபோனது. ஏணி வைத்து ஏறி, பிரஷ் தடம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தான். ஒரு தடமும் இல்லை. பேச்சி எழுதியிருந்தால் பேச்சிமேல் பொறாமைப்படலாம், அவளோடு சண்டை போடலாம். யாருமே எழுதாத கண்மேல் பொறாமைப்படுகிறவன் யாரோடு போய்ச் சண்டை போடுவான்?

"நீயா எழுதின?" என்று ஜெராக்ஸ் கடைக்கே போய்க் கேட்டான்.

"நான் மூடித்தான்ல வச்சேன். அவளா முழிச்சுக்கிட்டா," என்றாள் பேச்சி, ஒரு ரேஷன் கார்டை மிஷினில் கவிழ்த்துக்கொண்டே.

"அது எப்பிடிட்டி அவளா முழிப்பா?"

"எனக்கென்ன தெரியும். காய்ச்சல் சரியாயிட்டா?"

அவன் திரும்பி வருகிற வழியில் செல்லச்சாமி கூப்பிட்டு ஒரு டீயைக் கையில் கொடுத்து, "கண்ணு உன் வேலைதானப்பா. என்னமா திறந்திருக்க" என்றார். ஜெர்சன் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். வந்தது "ம்". அவ்வளவுதான், அந்த ஒரு 'ம்'தான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பொழுது சாய்கிறதுக்குள் கண் திறந்தது ஜெர்சன் என்று கடற்கரைவரை போய்விட்டது. வியாழக்கிழமை மத்தியானம் அவன் சின்னப் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டுபோய், பேச்சி வெறுமனே விட்டிருந்த இடத்தில் தன் பேரை எழுதினான். எழுதி முடித்துத் திரும்பினால் பின்னால் பேச்சி நிற்கிறாள், கையில் சாப்பாட்டுத் தூக்கோடு.

"உனக்காகத்தான் அந்த எடத்த விட்டேன்," என்றாள். "எழுதினது நல்லதாப் போச்சு."

குத்திக் காட்டியிருந்தால்கூட அவனுக்கு ஆறியிருக்கும். அவள் மெய்யாகவே சொன்னாள், அதுதான் அவனை அரித்தது. அடுத்தவளுக்குக் கிடைத்ததைப் பார்த்து எரிகிற வயிறு, அவளே அள்ளிக் கொடுத்தால் இன்னும் நன்றாக எரியும்.

வெளியே அவனுக்கு ஏகப்பட்ட மரியாதை. உள்ளே அவன் புழுங்கிச் செத்தான். ஐஸ் பிளான்ட்டுக்குப் பின்னால் யாரும் வராத சுவரில் ரகசியமாக ஒரு முகம் போட்டு, குளித்து, பட்டினி கிடந்து, கண் எழுதி, விடியலில் போய் எதிரே உட்கார்ந்து பார்த்தான். அதுவும் இவனைக் கண்கொட்டாமல் பார்த்தது. இன்னொன்று போட்டான், அதுவும் பார்த்தது. கண்ணை எழுதாமல் விட்டால் ஒருவேளை தானாகத் திறக்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது, வந்த வேகத்தில் அதை விரட்டிவிட்டான். கண்ணை எழுதாமல் விடுவதற்கு ஜெர்சன் எதற்கு?

ரெஜினா அவனைத் தேடி ஸ்டிக்கர் கடைக்கு வந்தது அப்போதுதான். ரெஜினா கரைத் தெருவில் மீன் உலர்த்துகிறவள், ஜெர்சனுக்குத் தூரத்து உறவில் மாமி முறை. அவள் மகன் கில்பர்ட் போன வருஷம் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் மீன்பிடி வள்ளத்தில் கடலுக்குப் போனவன். போனது அஞ்சு பேர், திரும்பியது நாலு பேர். பதினோரு நாள் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காதவனுக்கு எப்படிப் பூசை வைப்பது என்று ரெஜினா இறந்தோர் பூசைக்குப் பேர் கொடுக்கவில்லை, படத்துக்கு மாலை போடவில்லை, ஒரு சொட்டு அழவும் இல்லை. ராத்திரிச் சோற்றில் ஒரு பங்கை மூடிவைப்பதையும் நிறுத்தவில்லை.

"ஜெர்சா," என்றாள், "எங்க வீட்டுப் பக்கச் சுவத்துல கில்பர்ட்டு மூஞ்சிய எழுதிக் கொடுப்பியா. அந்தக் கிட்டங்கிக்காரிக்குத் திறந்த மாதிரி இவனுக்கும் கண்ணைத் திறந்துவிடு. பேச வேணாம் ராசா, இறங்கி வர வேணாம். காலையில முழிச்சு என்னைப் பாத்தாப் போதும்."

கடையில் பைக்கோடு வந்த ஒருத்தன் 'அன்னையின் ஆசி' என்று ஸ்டிக்கர் வெட்டிவாங்க நின்றுகொண்டிருந்தான். ஜெர்சன் அவனைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், ரெஜினாவின் கையிலிருந்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைப் பார்த்தான். நான் திறக்கவில்லை மாமி என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. "செஞ்சுருவோம் மாமி" என்றான்.

பேச்சியிடம் போகாமல் முடியாது, முகம் அவளுக்குத்தான் வரும். கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது.

"அந்த அம்மாகிட்ட என்னல சொல்லிருக்க?"

"கண்ணைத் திறக்கேன்னு சொல்லிருக்கேன்."

"திறக்குமா?"

"திறக்கும்."

"நான் இமைய மூடி எழுதித் தாரேன். நீ தொடாத. கிட்டங்கிக்காரிய நாம யாரும் தொடல, அதான் அவ முழிச்சா. இவனையும் விட்டுருவோம். முழிச்சா முழிக்கட்டும், இல்லாட்டி தூங்குத பிள்ளையாவாது இருப்பான்."

"அப்ப எனக்கு அங்க என்ன வேலை?" என்று கேட்டான் ஜெர்சன். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு அசிங்கமான கேள்வி என்று அவனுக்குப் புரிந்தது. ஆனாலும் பதிலுக்கு நின்றான்.

"ஏணி பிடி," என்றாள் பேச்சி. "நான் பிடிக்கலையா?"

ரெண்டு ஞாயிற்றுக்கிழமையில் கில்பர்ட் வந்துவிட்டான். மேலுதட்டில் தழும்பு, ஒரு பக்கமாக விழுந்த சுருட்டை முடி, எதையோ சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்குகிற கன்னம், மூடிய ரெண்டு இமை. பத்தடி உயரம் இருக்கும். கரைத் தெரு மொத்தமும் கூடி நின்றது. பேச்சி இறங்கிவந்து பெயிண்ட் கையைத் துடைத்துக்கொண்டே, ஜெர்சனுக்கு மட்டும் கேட்கிறமாதிரி, "விட்டுரு, ல" என்றாள். அவன் அண்ணாந்து பார்த்தான். அந்த இமை ரெண்டும் அவ்வளவு அமைதியாக இருந்தது, நாளைக் காலையில் திறந்தாலும் திறக்கும் என்று அவனுக்கே பட்டது. திறந்தால், அது பேச்சி மூடிவைத்த கண். இன்னொரு கிட்டங்கி, இன்னொரு தடமில்லாத கண், இன்னொரு தடவை அவள் விட்டுவைத்த இடத்தில் அவன் பேர். குளித்திருந்தான், பட்டினி கிடந்தான், பிரஷ் கையில் இருந்தது, ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. ஏறிவிட்டான்.

இதைச் சொல்லாமல் விட்டால் பாவம்: அவன் வாழ்நாளில் அதற்கு முன்னால் அப்படியொரு கண்ணை எழுதியதில்லை. கிட்டங்கிக் கண்ணை மாதக்கணக்காகப் பார்த்துப் பார்த்துப் புழுங்கியதெல்லாம் கைக்குள் இறங்கியிருந்தது. இடது கண்ணில் கொஞ்சம் மாறுபார்வை உண்டு கில்பர்ட்டுக்கு, அதைக்கூட விடவில்லை. அவன் இறங்கியதும் ரெஜினா சுவரருகே போய் மகன் கன்னத்தில் கையை வைத்து, "அப்படியே இருக்கான்" என்றாள், சிரித்தாள். ஜெர்சன் பேச்சியைத்தான் பார்த்தான், அவள் முகத்தில் பொறாமை ஒரு துளி தெரிகிறதா என்று தேடினான். "நல்லாருக்குல, நெசமாவே நல்லாருக்கு," என்றாள் அவள், கண் கலங்கியிருந்தது. பிறகு டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள். அன்றைக்கு ஜெர்சன் நன்றாகத் தூங்கினான்.

ஒரு வாரம் கழித்துச் செல்லச்சாமி டீயோடு செய்தியையும் கொடுத்தார். "கிட்டங்கிக்காரி பொழுதடைஞ்சா கண்ணை மூடிருதா. ரெஜினா மகன் மூட மாட்டேங்கானாம்ப்பா."

எழுதின கண் எப்படி மூடும்? விடியலிலும் திறந்திருந்தது, வெயிலிலும் திறந்திருந்தது, ராத்திரியும் திறந்திருந்தது. முதல் ரெண்டு நாள் ரெஜினா, மகன் தன்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லையே என்று பூரித்துப்போனாள். மூணாவது நாள், ஏன் இன்னும் தூங்கவில்லை என்று கேட்க ஆரம்பித்தாள். தெருவிளக்கு கண்ணில் அடிக்கிறதென்று அதன்மேல் சாக்கைக் கட்டினாள். கருவாடு காயப்போடுவதை விட்டுவிட்டு மத்தியானம் முழுவதும் குடையைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், ராத்திரி பாயைப் போட்டு உட்கார்ந்து விசிறினாள், சின்னதில் பாடித் தூங்கவைத்த பாட்டையெல்லாம் பாடினாள். தெருப் பொம்பளைகள் முறைவைத்து அவளுக்குத் துணைக்கு உட்கார்ந்தார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். மோட்டார் வண்டிகளை முனையிலேயே அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு போனார்கள். அவன் தூங்கட்டும் என்று கரைத் தெரு மொத்தமும் மூச்சை அடக்கிக் கொண்டிருந்தது. அவன் தூங்கவில்லை.

மூணு வாரம் ஜெர்சன் அந்தப் பக்கமே தலை காட்டவில்லை. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பிரஷ்ஷையும் ரெண்டு டப்பாப் பெயிண்டையும் எடுத்துக்கொண்டு போனான். ரெஜினா பாதியாகியிருந்தாள். மீன் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதில் உட்கார்ந்து, கைமாற்றிக் கைமாற்றிக் குடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா ஜெர்சா," என்றாள். "இவன் ஒரு பொட்டுத் தூங்கலப்பா. எனக்கு ஒண்ணு தோணிக்கிட்டே இருக்கு. கடல்ல கிடந்தப்பவும் இப்படித்தான் முழிச்சுக்கிட்டே கிடந்திருப்பானோ. அங்க யாரு இவனுக்குக் கண்ணை மூடிவிட்டிருப்பா?"

ஜெர்சன் டப்பாக்களைக் கீழே வைத்தான். "மாமி, நான் பொய் சொல்லிட்டேன். கிட்டங்கிக் கண்ணை நான் திறக்கல. அன்னைக்கு நான் வேலைக்கே போகல, பேச்சிமேல உள்ள எரிச்சல்ல வீட்ல படுத்துக் கிடந்தேன். இவனையும் பேச்சி மூடித்தான் வச்சிருந்தா, விட்டுருன்னு சொன்னா, நான்தான் கேக்கல. எனக்குக் கண்ணைத் திறக்கவெல்லாம் தெரியாது."

ரெஜினா குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"அவளுக்கு யார் திறந்தா எனக்கென்னப்பா," என்றாள். "இதை நீதான திறந்த?"

"ஆமா மாமி."

"அப்ப நீயே மூடு."

அவன் தோல் நிறத்தைக் கலக்கினான். ஏணியில் ஏறி நின்றபோதுதான் தெரிந்தது, இத்தனை வருஷத்தில் மூடின கண் ஒன்றைக்கூட அவன் எழுதிப் பார்த்ததில்லை. தான் எழுதியதிலேயே நல்ல கண்ணை, அந்த மாறுபார்வையை, மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக மறைத்துக்கொண்டே வந்தான். கீழே ரெஜினா "இரு" என்றாள். குடையை மடக்கி வைத்துவிட்டு ஏணியில் ரெண்டு படி ஏறி வந்தாள், அவன் விலகி இடம் கொடுத்தான். அவள் எக்கி, மகன் நெற்றியில் உள்ளங்கையை வைத்து, ஈரம் காயாத ரெண்டு இமையையும் ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாகக் கீழே இழுத்து மூடினாள். நாலு விரலும் பெயிண்டில் கோடாக விழுந்தது.

இறங்கி, நிறம் ஒட்டிய கையைப் பார்த்தாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்து, ஒரு வருஷமாக வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து, "எய்யா" என்று கத்தி அழுதாள். அந்தச் சத்தம் என்ன சத்தம் என்று கரைத் தெருவுக்குத் தெரியும். அடுப்பில் இருந்ததை இறக்கிவைத்துவிட்டுப் பொம்பளைகள் வீட்டுக்கு வீடு வெளியே வந்தார்கள், யாருக்கு என்னவென்று ஒருத்தியும் கேட்கவில்லை, முடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு ரெஜினாவைச் சுற்றி உட்கார்ந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். துக்கமணி அடிக்கச் சொல்லி யாரோ மாதா கோயிலுக்கு ஓடினார்கள். ஒரு வருஷம் தாமதித்து அன்றைக்குத்தான் அந்தத் தெருவில் கில்பர்ட் செத்தான்.

ஜெர்சன் ஏணிமேல் நின்று அந்த நாலு விரல் தடத்தைப் பார்த்தான். வேறு நாளாக இருந்தால் சரிசெய்திருப்பான். இறங்கியபோது பேச்சியும் வந்திருந்தாள், உச்சினிமாகாளி சொல்லி ஓடி வந்திருப்பாள்போல. தான் மூடினதை அவள் பார்த்தாளா இல்லையா என்று அவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவள் பக்கத்து வீட்டிலிருந்து ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். "இன்னும் நெறைய வேணும்ல," என்றாள். ஜெர்சன் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, ஆம்பளைகளோடு சேர்ந்து நாற்காலி எடுக்கப் போனான்.